வெயிலிலும் மழையிலும் நிற்கும் இருக்கைகள்

வீட்டுக் கூடத்தில் முப்பது ஆண்டுகள் குறையின்றி உழைக்கும் ஒரு மர நாற்காலியைத் தோட்டத்திலோ மொட்டைமாடியிலோ கொண்டுபோய் வைத்தால், சில பருவமழைகளுக்குள் அதன் கால்கள் இற்று, இணைப்புகள் தளர்ந்து, அது உட்காரத் தகாததாகிவிடக்கூடும். மரமும் அதைச் செய்த தச்சரின் திறமையும் மாறவில்லை என்றாலும், அந்த நாற்காலி எதிர்கொள்ளும் சூழல் முற்றிலும் மாறிவிடுகிறது. கூரைக்கு வெளியே வைக்கப்படும் எந்தப் பொருளும் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள், நனைந்து உலரும் ஈரம், உயிரினங்கள் ஆகிய மூன்றையும் தாங்கியாக வேண்டும். கடற்கரை ஊர்களில் இவற்றோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. மரம், இரும்பு, பிளாஸ்டிக், கல் ஆகிய ஒவ்வொன்றும் இவற்றால் வெவ்வேறு வழிகளில் அழிகின்றன. தமிழ்நாட்டின் தட்பவெப்பத்தில் குறைந்த செலவில் நெடுங்காலம் உழைக்கும் தோட்ட இருக்கையைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர், பொருளின் பெயரையும் விலையையும் கேட்பதற்கு முன், அந்தப் பொருள் எந்த இடத்தில், எதனால் அழியத் தொடங்கும் என்பதை அறிந்துகொள்வது மிகுந்த பயன் தரும். ஏனெனில் பெரும்பாலான இருக்கைகள் முழுமையாகத் தேய்ந்து அழிவதில்லை. பாதத்திலோ, இணைப்பிலோ, ஒரு திருகாணியிலோ தொடங்கும் சிறு சிதைவே மற்றப் பகுதிகள் நன்றாக இருக்கும்போதே அவற்றைப் பயனற்றவையாக்குகிறது.

மரத்தின் உடல் முதன்மையாக மூன்று வேதிப்பொருள்களால் ஆனது. நார்களாக நீண்டு வலிமை தருவது செல்லுலோஸ். அந்த நார்களைச் சூழ்ந்து பிணைப்பது அரைச்செல்லுலோஸ். அனைத்தையும் இறுக்கி விறைப்பாக நிறுத்துவது லிக்னின். இவற்றுள் லிக்னினே புற ஊதாக் கதிர்களை மிகுதியாக உறிஞ்சிச் சிதைகிறது. சிதைந்த லிக்னின் மழையில் கரைந்து போக, வெளிறிய செல்லுலோஸ் நார்கள் மட்டும் மேற்பரப்பில் எஞ்சுவதால், எண்ணெயோ வண்ணமோ பூசப்படாத மரம் ஓராண்டுக்குள் சாம்பல் நிறமாகிறது. இந்த நிறமாற்றத்தைக் கண்டு மரம் கெட்டுவிட்டது என்று பலர் கவலை கொள்கிறார்கள். ஆனால் இது மேற்பரப்போடு நின்றுவிடும் மாற்றம். வெயிலும் மழையும் மட்டும் சேர்ந்து மரத்தை அரித்துத் தேய்ப்பதற்கு மிக நீண்ட காலம் பிடிக்கும். ஒரு நூற்றாண்டில்கூட அந்தத் தேய்மானம் சில மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும்.

மரத்தின் உண்மையான பகை பூஞ்சை. மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைகள் வளர்வதற்கு அதன் செல் சுவர்கள் முழுவதும் நீரால் நிறைந்திருக்க வேண்டும். உலர் எடையில் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காடு ஈரம் சேரும்போது அந்த நிலை உண்டாகிறது. ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் வரை பூஞ்சைக்கு இடமில்லை என்பது மர அறிவியலில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் விதி. ஆகவே மழையில் நனைவதைவிட, நனைந்தபின் உலராமல் இருப்பதே மரத்துக்குக் கேடு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்கில் ஈர மண்ணில் நிற்கும் நாற்காலிக் கால்கள் முதலில் இற்றுப்போவதற்கு இதுவே காரணம். கட்டையின் வெட்டுமுனையில் நீர் கடத்தும் நுண்குழல்கள் திறந்த வாய்களாக இருப்பதால், பக்கவாட்டுப் பரப்பைவிடப் பன்மடங்கு விரைவாக அந்த முனை நீரை உறிஞ்சுகிறது. நாற்காலியின் நான்கு பாதங்களும் அத்தகைய வெட்டுமுனைகளே. அந்த முனைகளில் தடிப்பாக வண்ணமோ எப்பாக்சிப் பிசினோ பூசி, அவற்றின் கீழே கல் துண்டோ பிளாஸ்டிக் பாதமோ வைப்பதற்கு ஆகும் செலவு அற்பமானது; அதனால் கிடைக்கும் ஆயுளோ பல ஆண்டுகள்.

எல்லா மரங்களும் பூஞ்சைக்கும் கரையானுக்கும் ஒரே அளவில் இரையாவதில்லை. வளரும் மரத்தின் வெளிப்பகுதியான சாற்றுக்கட்டை நீரையும் உணவையும் கொண்டிருப்பது; எந்த மரத்திலும் அது எளிதில் கெடும். உட்பகுதியான வைரக்கட்டையில் உயிருள்ள செல்கள் மடிந்து, அவற்றில் பூச்சிகளுக்கும் பூஞ்சைகளுக்கும் ஒவ்வாத வேதிப்பொருள்கள் படிந்திருக்கும். தேக்கின் வைரக்கட்டையில் டெக்டோகுவினோன் என்னும் கரையானை விரட்டும் பொருளும், நீரை விலக்கும் ரப்பர் போன்ற பொருளும் உள்ளன. ஈரம் ஏறி இறங்கும்போது தேக்கு சுருங்கி விரியும் அளவு குறைவு என்பதால் அதன் இணைப்புகளும் எளிதில் தளர்வதில்லை. டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள வைரக்கட்டைத் துண்டுகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து, அவை அழியும் காலத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்திருக்கிறது. இடுகாட்டுச் சோதனை என்று அழைக்கப்படும் இந்த முறையின் அடிப்படையில், சராசரியாக 120 மாதங்களுக்கு மேல் தாங்கும் மரங்கள் முதல் வகுப்பிலும், 60 முதல் 120 மாதங்கள் வரை தாங்குபவை இரண்டாம் வகுப்பிலும், அதற்கும் குறைவானவை மூன்றாம் வகுப்பிலும் வைக்கப்படுகின்றன. தேக்கும் வேங்கையும் முதல் வகுப்பில் இடம்பெறுகின்றன. மா போன்றவை கீழ் வகுப்பைச் சேர்ந்தவை. இந்தக் கணக்கு மண்ணில் புதைந்த கட்டைக்கு உரியது என்பதை மறக்கலாகாது. மண்ணைத் தொடாமல், காற்றோட்டத்தில் நிற்கும் இருக்கைக்கு ஆயுள் இதைவிடப் பல மடங்கு கூடும்.

தேக்கு என்ற பெயர் மட்டுமே போதுமான உறுதி அன்று. வணிகத் தோட்டங்களில் நீர் பாய்ச்சி விரைவாக வளர்க்கப்பட்டு, 15, 20 ஆண்டுகளில் வெட்டப்படும் இளந்தேக்கில் சாற்றுக்கட்டையின் பங்கு மிகுதி; வைரக்கட்டையிலும் பாதுகாப்பு வேதிப்பொருள்கள் முழுமையாகச் செறிந்திருப்பதில்லை. சட்டத்தின் ஓரத்தில் வெளிறிய மஞ்சள் பட்டையாகத் தெரியும் பகுதி சாற்றுக்கட்டை. கடைகளில் சாயம் ஏற்றி அதை மறைப்பதும் உண்டு என்பதால், நாற்காலியைக் கவிழ்த்துச் சாயம் படாத அடிப்பகுதியைப் பார்ப்பது நல்லது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தேக்கு விட்டங்களையும் நிலைச்சட்டங்களையும் அறுத்துச் செய்யும் இருக்கைகள் இந்த வகையில் மேலானவை. முதிர்ந்த மரத்தின் வைரக்கட்டை, பல பத்தாண்டுகள் உலர்ந்து பதப்பட்டது, வேறு எங்கும் அந்த விலையில் எளிதாகக் கிடைக்காது. தேக்குக்குப் பணம் இல்லாதவர்களுக்கு வேம்பும் பூவரசும் தகுந்த மாற்றுகள். முதிர்ந்த பனையின் வெளிப்பகுதியும் அப்படியே: பனை உள்ளே மென்மையாகவும் வெளியே கருநார்கள் நெருங்கி உறுதியாகவும் இருப்பது. ஓட்டு வீடுகளின் கைமரங்களாகத் தலைமுறைகள் தாண்டி நின்ற அந்த வெளிப்பகுதி, தோட்டப் பெஞ்சுக்கு இன்று அரிதாகவே நினைக்கப்படுவது வருந்தத்தக்கது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் ரப்பர் மரத்தைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. சர்க்கரையும் மாவுப்பொருளும் நிறைந்த அந்த மரம் போரான் உப்புகள் ஏற்றப்பட்டே அறைகலனாகிறது. போரான் நீரில் கரைந்து வெளியேறும் தன்மையது என்பதால், வீட்டுக்குள் நன்றாக உழைக்கும் அதே மரம் மழையில் தன் பாதுகாப்பை இழந்துவிடுகிறது.

மழையில் கரையாத மரப்பாதுகாப்பு மருந்து ஒன்றைக் கண்டறிந்தவர் இந்தியரே. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோன்டி காமேசன், செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளைக் கலந்து 1933இல் உருவாக்கிய மருந்து, மரத்தின் செல்களுக்குள் வேதிவினை புரிந்து நிலைத்துவிடுவதால் உலகெங்கும் மின்கம்பங்களுக்கும் வேலிக் கம்பங்களுக்கும் பயன்பட்டது. ஆர்சனிக் நஞ்சு என்பதால் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் முடிவோடு குடியிருப்புப் பயன்பாட்டிலிருந்து அது விலக்கப்பட்டது. மருந்தேற்றிய மரம் மலிவாகக் கிடைத்தாலும், கையும் உணவும் படும் இருக்கைக்கும் மேசைக்கும் ஆர்சனிக் கலந்ததை ஏற்பது தகாது. அந்த மருந்தேற்றிய பழைய கட்டைகளை எரிப்பதோ அதைவிடத் தீங்கானது.

மேற்பூச்சில் நிகழும் தவறு பரவலானது. நிறமற்ற வார்னிஷ் பளபளப்பாக இருந்தாலும் புற ஊதாக் கதிர்களைப் பெருமளவு உள்ளே விடுகிறது. அதன் அடியிலுள்ள லிக்னின் சிதைந்ததும் பிடிமானம் போய், படலம் செதில் செதிலாக உரிகிறது. உரிந்த விளிம்பின் வழியே புகும் நீர் படலத்தின் கீழ் சிறைப்பட்டு, பூஞ்சைக்கு ஏற்ற ஈரத்தைக் காத்துத் தருகிறது. நிறமிகள் கலந்த பெயின்ட் கதிர்களைத் தடுப்பதால் வெளிப்புறத்துக்கு அதுவே மேல். நல்ல வைரக்கட்டையாக இருந்தால் ஒன்றும் பூசாமல் சாம்பல் நிறமாக விட்டுவிடுவதும் செலவற்ற, முற்றிலும் ஏற்கத்தக்க வழி.

மூங்கிலும் பிரம்பும் மலிவானவை, அழகானவை. ஆனால் திறந்த வெளிக்குத் தாங்காதவை. மருந்தேற்றாத மூங்கில் மண்ணைத் தொட்டு நின்றால் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளே தாங்கும். வெட்டிய மூங்கிலைக் குளத்து நீரில் ஊறப்போடும் பழைய வழக்கம், துளைப்பூச்சிகள் நாடும் மாவுப்பொருளைக் கரைத்து நீக்குவதால் ஓரளவு உதவும். இவ்விரண்டுக்கும் உரிய இடம் தாழ்வாரமே.

இரும்பின் அழிவு ஒரு மின்வேதி நிகழ்வு. நீரும் ஆக்சிஜனும் படும்போது இரும்புப் பரப்பின் ஒரு புள்ளி எலக்ட்ரான்களை இழந்து கரைய, அருகிலுள்ள மற்றொரு புள்ளியில் ஆக்சிஜன் அவற்றை ஏற்கிறது. இடையிலுள்ள ஈரப்படலம் மின்சுற்றை முடிக்கிறது. உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதோடு, காற்றின் ஈரத்தையும் தன்பால் இழுத்துவைத்துக்கொள்வதால், கடற்கரையில் துரு பன்மடங்கு விரைவாகப் பிடிக்கிறது. இந்தச் சிக்கலை ஆராய்வதில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்திலும் நன்கொடையிலும் காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மைய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் என்னும் கடலோர ஊரில் ஓர் ஆய்வு மையம் அமைத்து, உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அவற்றின் அரிமானத்தை, அதாவது சூழலால் உலோகம் அரிக்கப்படும் வேகத்தை, அளந்து வந்திருக்கிறது. இந்தியாவின் எந்தப் பகுதியில் அரிமானம் எவ்வளவு கடுமையானது என்று காட்டும் வரைபடமும் அந்த நிறுவனத்தின் உழைப்பே. காற்றில் மிதந்துவரும் உப்பு கடலிலிருந்து விலக விலக விரைந்து குறைகிறது; திருவான்மியூரில் ஒரு நாற்காலிக்கு ஏற்படும் அழிவும் கோயம்புத்தூரில் அதே நாற்காலிக்கு ஏற்படும் அழிவும் ஒப்பிடத்தக்கவை அல்ல.

இரும்பைக் காக்கும் வழிகளில் செலவுக்கு மிகுந்த பலன் தருவது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழப்பதால், கீறல் விழுந்த இடத்திலும் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. வண்ணப்பூச்சு இதைச் செய்யாது. உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறையில், 1.5 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகின் மீது சராசரியாக 55 மைக்ரோமீட்டர் பூச்சு இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தர அளவு; ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மிதமான சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரோமீட்டர் வரையும், கடுமையான கடற்கரைச் சூழலில் 4.2 முதல் 8.4 மைக்ரோமீட்டர் வரையும் கரைகிறது. ஆகவே அதே பூச்சு உள்நாட்டு ஊரில் 26 ஆண்டுகளுக்கும் குறையாமல் நிற்க, கடலோரத்தில் ஏழு முதல் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் தீர்ந்துபோகிறது. மின்முலாம் முறையில் பூசப்படும் மெல்லிய துத்தநாகம் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரோமீட்டரே என்பதால், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் மின்னினாலும் ஆயுளில் பெரும் இடைவெளி உண்டு.

இங்கே ஒரு நுட்பம் கவனத்துக்குரியது. ஜி.ஐ. குழாய் என்று விற்கப்படும் துத்தநாகம் பூசிய குழாயை வெட்டி, பற்றவைத்து நாற்காலி செய்யும்போது, பற்றவைக்கும் இடத்தில் பூச்சு முழுவதும் ஆவியாகிவிடுகிறது. எஃகு உருகுவது ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசில், துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதிக்கிறது. மிகுந்த சுமை தாங்கும் மூட்டுகளே இவ்வாறு காப்பின்றி நிற்பதால், குழாய் புதிதுபோல் இருக்க, மூட்டு துருப்பிடித்து விட்டுப்போகிறது. பற்றவைப்பை முடித்தபின் அந்த இடங்களைத் தேய்த்துத் துத்தநாகத் தூள் செறிந்த பிரைமர் பூசுமாறு பட்டறையில் வற்புறுத்துவது வாங்குபவரின் உரிமை. குழாயின் கீழ்முனையில் நீர் வடியத் துளை இருக்கிறதா என்பதும் பார்க்கத்தக்கது. துளையற்ற குழாயில் புகுந்த நீர் உள்ளிருந்தே அரிக்கும், அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது.

துருப்பிடிக்காத எஃகு எனப்படுவதும் எல்லா இடத்திலும் துருப்பிடிக்காததன்று. அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய காப்புப்படலம் அமைக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கின்றன. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 என்னும் வகை உள்நாட்டுக்குப் போதும். 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்த 316 கடலோரத்துக்கு ஏற்றது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 202 மலிவானது, விரைவில் பழுப்புக் கறை படிவது. காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதால் 202ஐயும் 304ஐயும் பிரித்தறிய முடியாது என்பதால், விலைப்பட்டியலில் வகை எண்ணை எழுதி வாங்குவதே வழி. அலுமினியம் தன்மீது தானே ஆக்சைடுப் படலம் அமைத்துக்கொள்வது, எடை எஃகில் மூன்றில் ஒரு பங்கு. மாடித் தோட்டத்துக்கு அது மிகப் பொருத்தமானது. ஆனால் சாதாரண இரும்புத் திருகாணியால் முடுக்கிய அலுமினிய நாற்காலி, உப்பீரம் பட்டால் இரு உலோகங்களுக்கிடையே மின்கலமாகி, இணைப்பில் அரிபடும்.

இன்று மிகுதியாக விற்பது ஒரே வார்ப்பில் உருவாகும் பாலிபுரோப்பிலீன் நாற்காலி. பிரான்சில் ஆன்றி மசொனே 1972இல் வடிவமைத்த நாற்காலி அதன் முன்னோடிகளுள் புகழ்பெற்றது. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி இரண்டு நிமிடங்களுக்குள் ஒரு முழு நாற்காலியை எடுக்க முடிந்ததே அதன் மலிவுக்குக் காரணம். திருகாணியும் மூட்டும் இல்லாமையால் நீர் புகும் வழியே அதில் இல்லை. அதன் பகை வெயில் மட்டுமே. பாலிபுரோப்பிலீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியில் எளிதில் பிடுங்கத்தக்க ஹைட்ரஜன் அணுக்கள் இடைவிட்டு அமைந்திருக்கின்றன. புற ஊதாக் கதிர்களால் தொடங்கும் வினை அவற்றைப் பறித்து, சங்கிலியைத் துண்டுகளாக்குகிறது. மேற்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டத் தொடங்கினால் இந்தச் சிதைவு முற்றியிருக்கிறது என்று பொருள். அத்தகைய நாற்காலியின் கால் முன்னறிவிப்பின்றி முறியும் என்பதால் முதியோர் அதில் அமர்வது ஆபத்தானது. இந்த வினையைத் தடுக்கும் ஒளிக்காப்புப் பொருள்களைச் சேர்ப்பது உற்பத்திச் செலவைக் கூட்டுவதால் மிக மலிவான நாற்காலிகளில் அவை குறைகின்றன. அவற்றுக்கு மாற்றாக எளிய காப்பு கரித்தூள்: எடையில் 2 முதல் 3 விழுக்காடு நுண்கரி சேர்த்தால் கதிர்கள் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மாடிகளில் கருநிற நீர்த்தொட்டிகள் பல்லாண்டுகள் வெயிலில் நிற்பது இதனால்தான். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்யும் பலகைகளும் இப்போது கிடைக்கின்றன. அவை உளுக்காதவை, ஆயினும் விறைப்பில் தேக்கின் பத்தில் ஒரு பங்கு அளவே என்பதால், தாங்கிகளை நெருக்கமாக அமைக்காவிட்டால் நடுவில் தொய்ந்துவிடும்.

இவை அனைத்திலும் நீண்ட ஆயுளுக்கான சான்று தமிழ்நாட்டுச் சாலையோரங்களிலேயே நிற்கிறது. இரண்டு கருங்கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி அமைத்த சுமைதாங்கிகள், தலைச்சுமையோடு நடந்தவர்கள் துணையின்றி இறக்கி ஏற்றுவதற்காக எழுப்பப்பட்டவை. ஆணி, பசை, பூச்சு எதுவும் இல்லாத அவை தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன. அதே அமைப்பைத் தாழ்த்தினால் தோட்டப் பெஞ்சு கிடைக்கிறது. கருங்கல் நசுக்கும் விசையை மிக நன்றாகத் தாங்கும். வளைக்கும் விசையைத் தாங்குவதோ அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. பலகையின் வளைவலிமை தடிமனின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், தடிமனை மும்மடங்காக்கினால் வலிமை ஒன்பது மடங்காகும். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் மூவர் அமரும் இருக்கைக்கு 25 மில்லிமீட்டர்ப் பலகை முறிவின் எல்லையில் நிற்க, 75 மில்லிமீட்டர்ப் பலகை அச்சமின்றித் தாங்கும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள அத்தகைய பலகை சுமார் 120 கிலோ எடையுள்ளது. கிருஷ்ணகிரி, தருமபுரி போன்று கல் வெட்டப்படும் மாவட்டங்களின் அருகே அதன் விலை ஒரு தேக்கு நாற்காலியை எட்டாமலும் இருக்கக்கூடும், தொலைவு கூடக்கூட வண்டிக்கூலியே விலையாகிவிடும். சிமென்ட் பெஞ்சு இதைவிட மலிவு. எனினும் உள்ளே உள்ள கம்பியின் மேல் போதிய கனத்தில் சிமென்ட் மூடியிருக்க வேண்டும், இல்லையேல் துருப்பிடித்த கம்பி பருத்துச் சிமென்டை வெடிக்கச் செய்யும். கல்லுக்குள்ள ஒரே குறை அது மாலையிலும் பகல் வெப்பத்தை வைத்திருப்பது. வெயில் நேரே விழும் இடத்தைத் தவிர்த்து, வேம்பின் நிழலிலோ புங்கையின் நிழலிலோ இட்டால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

விலையை ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் இத்தேர்வில் பெரிதும் உதவும். எடுத்துக்காட்டாக, 800 ரூபாய் நாற்காலி வெயிலில் நான்கு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு 200 ரூபாய். 6,000 ரூபாய்ப் பெஞ்சு முப்பது ஆண்டுகள் உழைத்தாலும் அதே 200 ரூபாய், ஆனால் அதில் மூவர் அமரலாம். இரும்பாக இருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்த்துப் பூசும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்லுக்கும் பூச்சற்ற தேக்குக்கும் அந்தச் செலவு இல்லை. வாடகை வீட்டில் இருப்பவருக்கோ இந்தக் கணக்கு மாறிவிடும்: தூக்கிச் செல்ல முடியாத கல் பெஞ்சைவிட, மடித்து வைக்கத்தக்க அலுமினிய நாற்காலியோ, வெயில் நேரத்தில் உள்ளே இழுத்துப் போடத்தக்க பிளாஸ்டிக் நாற்காலியோ அவருக்கு உண்மையில் மலிவு. பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு நகர்த்துவதும், மர நாற்காலியை மழைக்காலத்தில் சுவரோடு சாய்த்து வைத்துக் கால்களை உலரவிடுவதும், கடலோர வீட்டில் இரும்பு இருக்கையின்மேல் வாரம் ஒருமுறை நல்ல நீரை ஊற்றி உப்பைக் கழுவுவதும் காசு செலவில்லாத காப்புகள்.